தடாவுக்கு அப்பால்

நாற்பத்தோராயிரத்து முன்னூற்றாறு.
தடா தாண்டி ஒரு புளியமரத்தருகே
ஒயர் அறுந்து
அந்த எண்ணிலேயே மீட்டர் நின்றுவிட்டது.
கணக்குப்படி நான்
அதற்கு மேல் போகவே இல்லை.

காசிமேட்டில் யாரும் நம்பவுமில்லை.
"பாரதீப்பா? ஒரிசாவா? இந்த வண்டியிலயா?"
ஐஸ் அரைக்கிற சத்தத்துக்கு மேல்
கத்திக் கேட்டாள் ஃபிளாரன்ஸ்.
"மெய்யாலுமே போனியா, இல்ல
சூளூர்ப்பேட்டைல உன் நாத்தனார் வூட்ல
படுத்துனு வந்துட்டியா?"

நூறு சிசி. மூன்றாவது கை.
முதல் ஆள் தண்டையார்பேட்டையில்
கேன் தண்ணி போட்டவர்.
அவர் பற்றவைத்த கொக்கி
பின்கம்பியில் இன்னும் இருக்கிறது.
வலைக்கயிற்றால் அதில்தான் கட்டினேன்:
ரெண்டு செட் துணி, தார்ப்பாய்த் துண்டு,
அரை லிட்டர் ஆயில், ஒரு பிளக்,
ஒரு கிளட்ச் ஒயர்.
மீட்டர் ஒயரை
யார் ஸ்பேர் எடுத்துக்கொண்டு போவார்கள்?

வேலை திருவொற்றியூர் யார்டில்.
பெட்டி எண் பார்த்து எழுதுவது.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
எந்தெந்தக் கடலையோ தாண்டி வந்தவை
எங்கள் தெருமுனைக்கு வந்ததும்
மூன்று நாள் அசையாமல் நிற்கும்.
பன்னிரண்டு நாள் லீவு கேட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கல்யாணம் என்று எழுதினேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும்.
நாற்பத்தைந்தில் போனால்
கல்யாண பஸ் முந்தும், வைக்கோல் வண்டி முந்தும்,
கோழிக்கூண்டு ஏற்றிய டெம்போ
இறகு தூவிக்கொண்டே முந்தும்.
லாரி வந்தால் முதலில் காற்று தள்ளும்,
பிறகு இழுக்கும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி
வண்டி என்னுடையதில்லை.
மூன்றாம் நாள்தான் தெரிந்துகொண்டேன்,
அது வருவதற்கு முன்பே கொஞ்சம் சாய்ந்து கொடுக்க.

ஓங்கோல் வரை கூடவே பேசிக்கொண்டு வந்தார்கள்,
சீட்டுக்காரர், மாமியார், யார்டு சூப்பர்வைசர்.
கோதாவரிப் பாலத்தில் கவனித்தேன்,
இஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது.
எந்த ஊரில் இறங்கிக்கொண்டார்களோ.

ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
பெட்ரோல் பங்க், லாட்ஜ், ஒருமுறை
நர்ஸுகள் தங்கும் விடுதியில் காலிக் கட்டில்.
தனியாவா, தனியாவா என்று
தெலுங்கிலும் ஒடியாவிலும் கேட்டார்கள்.
எனக்குப் புரிந்த ஒரே கேள்வி அதுதான்.

ஐந்தாம் நாள் மாலை
பாரதீப்பில் முகம் துடைத்த கைக்குட்டையில் கரி.
எண்ணூர்க் கரியேதான், அதே பிசுபிசுப்பு.
துறைமுக வாசலில் அதே டிரெய்லர் வரிசை,
சக்கரத்தடியில் ஸ்டவ் வைத்து
சோறு பொங்கும் கிளீனர்ப் பையன்.
ஒரு பெட்டியின் எண்ணை
வாய் தானாகப் படித்தது.
இதற்கா ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர்
என்று கேட்டுப் பார்த்தேன்.
பதில் வரவில்லை. டீ வந்தது.
மண்கோப்பையில், இஞ்சி தூக்கலாக.

சாட்சிக்கு வைத்திருந்த பெட்ரோல் பில்கள்
வெயிலில் எழுத்தழிந்து
வெள்ளைத் துண்டுகளாகிவிட்டன.
வலது உள்ளங்கை மட்டும்
இன்னும் மரத்தே இருக்கிறது.
அதை யாரிடம் காட்ட?

வண்ணாரப்பேட்டையில் தஸ்தகீர்
செயின் கவரைக் கழற்றி
சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல
ஸ்ப்ராக்கெட்டை விரலால் தடவினார்.
"எவ்ளோ ஓட்டுன?"
"மீட்டர் ஓடல பாய்."
"மீட்டர் கெடக்குது.
பல்லு பாரு, ஒரே பக்கமா சாஞ்சு கீது.
நல்லாத்தான் சுத்தியிருக்கே."
வேறெதுவும் கேட்கவில்லை.
புது ஒயருக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

கடைசி இலக்கம் ஆறிலிருந்து ஏழாகப் புரண்டபோது
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கால் ஊன்றி நின்றிருந்தேன்.
முன்னால் ஒரு டிரெய்லர்,
அதன் மேல் ஒரு நீலப் பெட்டி.
எண்ணைப் படித்தேன்.
போன மாதம் என் கையால்
எழுதி அனுப்பியது.
பக்கவாட்டில் ஒரு புது நசுங்கல்.